மூன்று ரவுண்டு வாய் திறக்காத அய்யூப்

மரியாதைக்குரிய ஜெய்னம்பு லாத்தா அவர்களுக்கு,

சிம்பாங் ரெங்கத்திலிருந்து உங்கள் ஒரே தம்பி அய்யூப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், மைமூன், மகள் ஷஹீரா, கடை, போன மாதம் புதிதாக வந்த கடை ஃபிரிட்ஜ் உட்பட அனைவரும் சுகம். லாபிஸில் உங்கள் முழங்காலும், மச்சானின் சர்க்கரையும், வருகிறவர் போகிறவரையெல்லாம் கடிக்கும் உங்கள் வாத்தும் அவ்வண்ணமே சுகமாக இருக்க துஆ செய்கிறோம்.

நிற்க. மூன்று வாரமாக நீங்கள் என் ஃபோனை எடுப்பதில்லை. "வெளக்கம் எழுத்துல வரட்டும், அவன் தொண்டை வழியா வர வேணாம்" என்று மைமூனிடம் சொல்லியிருக்கிறீர்கள். சரி. பள்ளிக்கூடம் விட்ட பிறகு கடைக்குச் சாமான் எழுதுவதைத் தவிர வேறு எதற்கும் பேனா பிடிக்காத நான், உங்களுக்காக நாலு நாளாக உட்கார்ந்து எழுதுகிறேன். முதல் காரியமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் இழுத்துக்கொள்ளவில்லை. கை கால் வரவில்லை என்று உங்களிடம் யார் சொன்னார்களோ அவர்களை அல்லாஹ் மன்னிக்கட்டும். அன்று நீங்கள் ஃபோனில், "அய்யூபு, ஒரு வார்த்த பேசுடா, லாத்தா கேக்குறேன்ல" என்று அழுதபோது நான் பேசாமல் இருந்தது பேச முடியாததால் அல்ல. என் இலக்குக்கு இன்னும் இருபது விநாடி பாக்கி இருந்தது. அந்த இருபது விநாடியின் பலனாகத்தான் இன்று நம் குடும்பத்துப் பெண் ஒருத்தி ஜொகூர் மாநிலக் குழுவில் நிற்கிறாள். கோபத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு முழுவதும் படியுங்கள்.

ஷஹீரா நாலு வருஷமாக டேக்வாண்டோ படிப்பது உங்களுக்குத் தெரியும். பாசார் சந்தைக்கு எதிரே இருக்கும் மண்டபத்தில் மாஸ்டர் லோகேஸ்வரன் சொல்லிக்கொடுக்கிறார். பகலில் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற மனிதர், சாயங்காலம் பிள்ளைகளைப் பழுது பார்க்கிறார். செவ்வாயும் சனியும் சண்டைப் பயிற்சி. மார்புக் கவசம், தலைக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் உதைக்க வேண்டும். ஆனால் கவசம் மாட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையில் தன் பெயருக்கு நேரே அன்றைய இலக்கு ஒன்றை எழுத வேண்டும். ஒன்றுதான். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, "உதை வரும்போது கண்ணை மூடக் கூடாது" என்று எழுதியிருந்தது. நம் ஷஹீரா, "இடது கை கன்னத்தை விட்டு இறங்கக் கூடாது. போன வாரம் பதினொரு தடவை இறங்கியது. இந்த வாரம் ஆறுக்குள்" என்று எழுதியிருந்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது லாத்தா. நம் வாப்பா லாபிஸில் சாப்பாட்டுக் கடை திறந்தபோது, கை இறங்காமல் இருந்தால் போதும் என்றா திறந்தார்? நானே மார்க்கரை எடுத்து, அவள் பெயருக்கு நேரே, "எல்லாரையும் ஜெயிக்கணும்" என்று பெரிதாக எழுதிவிட்டேன்.

மாஸ்டர் கோபப்படவில்லை. துணியால் துடைத்துவிட்டுச் சொன்னார். "அண்ணே, ஜெயிக்கணுங்கறது ஆசை. ஆசைய எண்ண முடியாதுலா. எண்ண முடிஞ்சாதான் அது டார்கெட். இன்னிக்கு அவ தோத்துப் போனாலும், கை ஆறு தடவைதான் எறங்குச்சுன்னா எனக்கு அது போதும்." இப்படிக் கடை நடத்தினால் மூன்றே நாளில் கதவை இழுத்து மூட வேண்டும் என்று நான் சொன்னேன். ஆனால் பதினொன்று ஆறாகி, ஆறு நாலாகி, நாலாவது வாரம் ஒன்றானது. அந்தப் பிள்ளையின் கன்னத்தில் யாருடைய காலும் பட முடியவில்லை. அன்றே மாஸ்டரை மனதுக்குள் ஒத்துக்கொண்டுவிட்டேன். வெளியே ஒத்துக்கொள்ள இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

இப்போது மார்ச் மாதம் குளுவாங்கில் நடந்த போட்டிக்கு வருகிறேன். அங்கே நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டது "ஷஹீரா தோற்றாள்" என்று. தோற்கடித்தது யார் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தவர்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லாவிலிருந்து குரல் வந்தால், கூப்பிட்டவர் வாயை மூடுவதற்குள் "ஆ, வாப்பா!" என்று திரும்பி எந்த மேசை என்று பார்த்துவிட வேண்டும். வாப்பா நமக்குப் பழக்கினார், நான் ஷஹீராவுக்கு நாலு வயதிலிருந்தே பழக்கினேன். இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான். நீங்கள் மட்டும் என்னவாம்? போன வருஷம் கல்யாண விருந்தில் யாரோ, "ஆயேர் சுவாம் சத்து!" என்று சுடுதண்ணீர் கேட்கப் போக, நீங்கள் பட்டுப்புடவையோடு எழுந்து நின்றீர்களே, மச்சான் பிடித்து உட்கார வைத்தாரே. அதே ரத்தம்தான். குளுவாங்கில் பிள்ளை நாலு புள்ளி முன்னால் இருந்தாள். எதிராளி வலது பக்கம் நகர்வதைப் பார்த்துவிட்டு நான், "ஷஹீரா! வலது!" என்று ஒரு குரல் கொடுத்தேன். கடைக் குரல். எதிர் வரிசைக் கடைக்காரரே கடன் சொல்லாமல் ஒத்துக்கொள்ளும் குரல். பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? பல் கவசத்தோடு, "ஆ, வாப்பா!" என்று முழுசாக என் பக்கம் திரும்பினாள். எதிராளியின் கால் தலைக் கவசத்தில் வந்து விழுந்தது. மூன்று புள்ளி. "ஐயோ, என்னைப் பாக்காதே, அவளைப் பார்!" என்று மறுபடியும் கத்தினேன். மறுபடியும் "ஆ, வாப்பா!" மறுபடியும் மூன்று. அலமாக், எட்டாவது வரிசையில் இருந்த மலாய்க்கார அம்மா ஒருவர் எழுந்து வந்து, உங்கள் மகளை உங்களிடமிருந்து காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டும் என்று என்னிடமே கேட்டார்.

திரும்பி வரும் வேனில் ஷஹீரா அழவில்லை. "நான் வேணும்னு திரும்பல வாப்பா. கழுத்து தானா திரும்புது" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டு நான்தான் அழுதேன். ஜூன் மாதம் மாநிலத் தேர்வுப் போட்டி. அதில் ஜெயிக்கிறவளுக்குத்தான் ஜொகூர் குழுவில் இடம். நாலு வருஷமாகப் பிள்ளை வேறு எதையும் கேட்டதில்லை. மறுநாள் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, ஜூன்ல நீங்க ஹாலுக்கு வர வேணாம்" என்றார். ஒரே மகள் லாத்தா. அவள் ஆடுவதை நான் பார்க்கக் கூடாதாம். வெளியே ஐம்பது அடி தள்ளி நிற்கிறேன் என்றேன். "உங்க குரலுக்கு அம்பது அடி பத்தாதுண்ணே" என்றார். கடைசியில் நான் கேட்டேன்: "பிள்ளைங்களுக்கெல்லாம் டார்கெட் குடுக்கறீங்கல்ல? எனக்கும் ஒண்ணு குடுங்க. முடிக்கலன்னா வரல."

அவர் மார்க்கரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். "ஷஹீரா: கூப்பிட்டால் திரும்பக் கூடாது. இப்போது மூன்று ரவுண்டில் ஒன்பது தடவை. ஜூனில் பூஜ்யம்." அதற்குக் கீழே, ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில், "அய்யூப்: பேசக் கூடாது. முதல் வாரம் அரை நிமிடம். ஜூனில் முழு மூன்று ரவுண்டு." ஐம்பத்தாறு வயதில் என் பெயர் பலகையில் ஏறியது. புதிதாகச் சேர்கிறவர்கள் கட்டும் வெள்ளை பெல்ட்டும் வாங்கிக்கொண்டேன், இடுப்புக்குச் சரியாக இருந்தது என்று எழுத ஆசைதான்.

முதலில் ஷஹீராவின் இலக்கு. அதற்கு என் குரலே சாமான். மண்டபத்தில் மற்றவர்கள் கத்தினால் அவள் திரும்புவதில்லை, நான் கத்தினால்தான் திரும்புகிறாள், ஆகவே மாஸ்டர் என்னை மூலையில் நிற்க வைத்து, அவள் சண்டை போடும்போது வேண்டுமென்றே ஆர்டர் சொல்லச் சொன்னார். "தே தாரேக் சத்து! ரொட்டி கோசோங் டுவா! ஷஹீரா, மேசை ஆறு!" பிள்ளையின் கழுத்து துடிக்கும், கண் போகும், கால் வரும், அடி விழும். என் ஆர்டருக்கு என் பிள்ளை அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த ஆர்டர் சொல்ல எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! ஒன்பது ஏழானது. ஏழு நாலானது. மே மாதம் ஒரு சனிக்கிழமை, "ஷஹீரா, கடையில் தீ!" என்றுகூடக் கத்திப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகள் நாலு பேர் வெளியே ஓடிவிட்டார்கள், அது வேறு. அவள் எதிராளியின் மார்பில் அழகாக ஓர் உதை வைத்தாள். பூஜ்யம். மாஷா அல்லாஹ், அந்தப் பூஜ்யத்தைப் போல் அழகான எழுத்தை நான் பார்த்ததில்லை.

இந்த வெற்றி கடைக்கு வந்தபோதுதான் தொந்தரவு. பழக்கம் என்றால் எல்லா இடத்திலும் இருக்க வேண்டும் என்று ஷஹீரா கடையிலும் திரும்புவதை நிறுத்திவிட்டாள். நான் கூப்பிடுவேன், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மேசை துடைப்பாள், நான் உள்ளுக்குள் மகிழ்ந்து, "பாத்தீங்களா, திரும்பல!" என்று வாடிக்கையாளர்களிடம் காட்டுவேன். தேத்தண்ணி ஆற்றும் நம் சயீத், இது கடையில் வந்த புதுச் சட்டம் என்று நினைத்துக்கொண்டு அவனும் திரும்புவதை நிறுத்திவிட்டான். லாரிக்காரர் ஒருவர் ரொட்டிக்காக முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, தானே உள்ளே போய் மாவு வீசத் தொடங்கினார். நன்றாகவே வீசினார். ஆனாலும் கடைக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

அடுத்தது என் இலக்கு. அரை நிமிடம் என்றால் சின்ன விஷயம் என்று நினைத்தேன். ஆறு விநாடியில் தோற்றேன். மாஸ்டர், "அண்ணே, முடியும்னு நெனைக்காதீங்க. வாயில எதையாவது வச்சுக்குங்க" என்றார். கரிப்பாப் பலகாரத்தை வைத்துப் பார்த்தேன், தின்றுவிட்டேன். தண்ணீர்தான் சரியாக வந்தது. ஒரு வாய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார வேண்டியது. வெள்ளை பெல்ட்டில் என்னோடு படிக்கிற செல்வா, செடெனாக் பக்கம் லாரி ஓட்டுகிறவர், தினமும் சாப்பிட வந்து நேரம் குறித்துக் கையெழுத்துப் போடுவார். ஒரு நிமிடம், ஒன்றரை, இரண்டு. கணக்குக் கேட்கிற வாடிக்கையாளருக்கு விரலில் காட்டுவேன். ஒருவர் பல் வலி என்று கிராம்பு வாங்கி வந்தார். இன்னொருவர் என் உப்பிய கன்னத்தையும் ஆடும் கையையும் பார்த்துவிட்டு, நேராகப் பள்ளிவாசலில் போய்ச் சொல்லிவிட்டார். அங்கிருந்து நாலு பேர் ஆப்பிளோடு வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்து, நோய் தீர எனக்கு ஷிஃபா வேண்டி துஆ ஓதினார்கள். வாயில் தண்ணீரோடு எப்படி ஆமீன் சொல்வது? தலையை ஆட்டினேன். "ஆமீன் சொல்லக்கூட முடியல பாருங்க" என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். அவர்களில் யாரோ ஒருவர்தான் உங்களுக்கு ஃபோன் போட்டது. நீங்கள் அழைத்தபோது நான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு ரவுண்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் அழுதீர்கள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன், செல்வா எதிரே விரலால் பத்தொன்பது, பதினெட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார். முழுங்கிவிட்டு, "லாத்தா, ஜெயிச்சிட்டேன்!" என்று நான் கத்தியபோது நீங்கள் ஃபோனை வைத்துவிட்டு, உங்கள் முழங்காலோடு லாபிஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் புறப்பட்டுவிட்டீர்களாம். அது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். உங்கள் அழுகையைக் கேட்டுக்கொண்டு இருபது விநாடி இருந்தது, என் மகள் அடி வாங்குவதைப் பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. மன்னித்துவிடுங்கள்.

போன சனிக்கிழமை தேர்வுப் போட்டி. மாஸ்டர் என் தாளில் செல்வாவின் கையெழுத்தையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "வாங்கண்ணே" என்றார். நாலாவது வரிசை. பக்கத்தில் செல்வா, என் உதட்டை மட்டும் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு உத்தரவு. கையில் தண்ணீர் போத்தல். இறுதிச் சுற்றில் எதிராளி நம் பிள்ளையைவிட ஒரு சாண் உயரம். முதல் ரவுண்டு நமக்கு. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது ரவுண்டு அவளுக்கு. அப்போதும் திறக்கவில்லை. சுற்றிலும் தகப்பன்மார் எல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், அதில் ஒருவர்கூட என் கால் தூசுக்குக் காணாத குரல், நான் கன்னம் உப்ப உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது ரவுண்டில் இரண்டு பேரும் சமம். கடைசிப் பத்து விநாடி. லாத்தா, அந்தப் பெண் தலைக்கு உதைக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் தோளை ஏற்றுகிறாள், அது எனக்குத் தெரிகிறது, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், தண்ணீர் பல்லுக்கு வந்துவிட்டது. கண்ணைத் திறந்து வைத்திருந்தால் வாயும் திறந்துவிடும் என்று தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என் மகள் ஜெயித்த உதையை நான் பார்க்கவில்லை. மண்டபம் அதிர்ந்ததும் திறந்தேன். சிவப்பு விளக்கில் நமக்கு இரண்டு புள்ளி அதிகம்.

அதற்குப் பிறகு அவள் செய்ததைக் கேளுங்கள். நடுவருக்குத் தலை வணங்கக்கூட மறந்துவிட்டு, தலைக் கவசத்தைக் கழற்றி எறிந்து, தலையில் கட்டிய தூடோங் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்க, நாலு வரிசையையும் தாண்டி என்னிடம் ஓடி வந்தாள். என் இரண்டு கன்னத்தையும் கையால் பிடித்து முகத்தை உற்றுப் பார்த்தாள். தகப்பன் செய்த தியாகம் பிள்ளைக்கு அந்த நிமிஷத்தில் புரிந்துவிட்டது. கன்னத்தை அழுத்தியதில் தண்ணீர் முழுவதும் அவள் முகத்தில் போய்விட்டது, அதையும் அவள் துடைக்கவில்லை. செல்வா தாளில் கையெழுத்துப் போட்டார். பலகையில் இப்போது இரண்டு பெயருக்கு நேரேயும் வெற்றி. ஷஹீரா: பூஜ்யம். அய்யூப்: மூன்று ரவுண்டு. மகளை ஜொகூருக்கே கொடுத்த குரல் இது என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கொடுத்தது குரல் அல்ல, மௌனம். நம் குடும்பத்தில் மௌனத்தால் ஒன்றைச் சாதித்த முதல் ஆள் நான்தான் என்பதை நீங்களும் மறுக்க மாட்டீர்கள்.

மச்சானுக்கு என் ஸலாம். மைமூன் உங்கள் இரண்டு கையையும் பிடித்து ஸலாம் சொல்லச் சொன்னாள். உங்களுக்கு நீண்ட ஆயுளையும், இறங்காத கையையும், ஏறாத சர்க்கரையையும் அல்லாஹ் தருவானாக. வாத்துக்கும் என் விசாரிப்பு, தூரத்திலிருந்தே.

என்றும் உங்கள் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கும் தம்பி,
அய்யூப்

பின்குறிப்பு: உறையில் வைக்கும் முன் இதை ஷஹீராவுக்கு வாசித்துக் காட்டினேன். தியாகம் என்ற இடத்தில் அவள் என்னை நிறுத்தினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் திரும்பினேன் வாப்பா. கடைசிப் பத்து செகண்ட்ல. யாரும் கூப்பிடல. மூணு ரவுண்டா உங்க சத்தமே இல்ல, எனக்குப் பயமாயிடுச்சு. திரும்பிப் பாத்தா கண்ண மூடிக்கிட்டு, கன்னம் உப்பி, மொகமெல்லாம் செவந்து கெடக்குறீங்க. உண்மையாவே வாய் இழுத்துக்கிச்சுன்னு நெனச்சிட்டேன். நான் திரும்பினதப் பாத்துட்டு அந்தப் பொண்ணு தலைக்குக் காலத் தூக்கிட்டாளாம். நான் அவளப் பாக்கவே இல்ல. சீக்கிரம் முடிச்சிட்டு உங்ககிட்ட ஓடி வரணும்னு உங்களப் பாத்துக்கிட்டே காலை வீசினேன். அது அவ நெஞ்சுல பட்டுருச்சு." கன்னத்தைப் பிடித்துப் பார்த்தது எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று பார்க்கவாம். மாஸ்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "தெரியும்ணே, பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, பலகையில் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று எழுதினார். என் பெயருக்கு நேரே இருந்ததையும் அழித்துவிட்டு அடுத்த மாதத்து இலக்கை எழுதினார்: "அய்யூப்: ரவுண்டுக்கு ஒரு தடவை கூப்பிட வேண்டும். இருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்தால் போதும்." ஆகையால் லாத்தா, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் உங்களுக்கு ஃபோன் போடுவேன். காதிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுங்கள்.